வியன்னா: சிலையும் கைப்பிரதியும்

ஒரு சங்கீதத்தை ஒரு நகரம் தன்னுடையது என்று உரிமை கொண்டாடத் தொடங்குவது எப்போது? வியன்னா விஷயத்தில் இக்கேள்விக்குத் தேதி குறித்துப் பதில் சொல்ல முடியும். ஒரு படைப்பு எழுதப்பட்ட தேதி ஒன்று. அது நகரத்தின் சொத்தாகப் பதிவான தேதி மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே சில சமயம் பத்து வருஷம், சில சமயம் ஐம்பது வருஷம். அந்த இடைக்காலத்தில் அப்படைப்பு எங்கே கிடந்தது, யார் அதைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள் என்பதே என் அக்கறை. பாரம்பரியம் என்ற பெரிய சொல்லை உபயோகிப்பவர்கள் சாதாரணமாகத் தாண்டிப் போய்விடும் இடம் அது.

முதலில் ஒரு சிறிய கணக்கு. ஹைடன் ரோரா என்ற கிராமத்துக்காரர். மோஸார்ட் ஸால்ஸ்பர்க்கில் பிறந்தவர். பீத்தோவன் பான் நகரத்திலிருந்தும் பிராம்ஸ் ஹாம்பர்க்கிலிருந்தும் வந்தவர்கள். மாலர் பொஹீமியக் கிராமம் ஒன்றின் யூதக் குடும்பத்துப் பிள்ளை. பேரரசின் தலைநகரத்தில் அரண்மனையும் பிரபுக்களும் ஆபெராவும் இருந்தன. பிழைப்புத் தேடி வந்தார்கள். வியன்னாவிலும் அதை ஒட்டிய புறநகர்களிலும் பிறந்தவர்கள் என்று ஷூபர்ட், யோஹான் ஸ்ட்ராஸ், பிறகு ஷோன்பெர்க், ஆல்பன் பெர்க், வெபர்ன் ஆகியோரைச் சொல்லலாம். இந்த இரண்டாவது பட்டியலில், வாழ்ந்த காலத்திலேயே நகரம் தயக்கமில்லாமல் ஏற்றுக்கொண்டது ஸ்ட்ராஸ் ஒருவரைத்தான்.

மோஸார்ட்டை அநாதைப் பிணம்போலக் குழியில் தள்ளினார்கள் என்ற கதை பிரசித்தம். கண்ணீருக்கு உகந்த கதைதான்; உண்மை அவ்வளவு நாடகத்தனமாக இல்லை. 1791 டிசம்பர் 5ஆம் தேதி அவர் இறந்தபோது நடந்தது மூன்றாம் வகுப்பு அடக்கம். இரண்டாம் ஜோசப் சக்கரவர்த்தி 1780களில் கொண்டுவந்த சிக்கன விதிகளின் கீழ் நடுத்தர வர்க்கத்தினர் பலரும் அப்படித்தான் புதைக்கப்பட்டார்கள். குழிக்கு அடையாளம் வைப்பது வழக்கமில்லை. ஆகவே அதில் அவமதிப்பு ஏதும் இல்லை. வியன்னாவின் உண்மையான குறை சவ அடக்கத்தில் இல்லை, செவியில் இருந்தது. அதற்கு உதாரணம் மோஸார்ட் அல்ல, ஷூபர்ட்.

1827இல் பீத்தோவனின் சவ ஊர்வலத்துக்குப் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். தீப்பந்தம் ஏந்தி நடந்தவர்களில் ஷூபர்ட்டும் ஒருவர். சரியாக ஒரு வருஷம் கழித்து, பீத்தோவன் இறந்த அதே மார்ச் 26ஆம் தேதி, தம் படைப்புகளை மட்டுமே கொண்ட ஒரு கச்சேரியை அவர் நடத்தினார். அவர் ஆயுளில் அப்படி நடந்த கச்சேரி அது ஒன்றே. மூன்று நாளில் பாகனினி தம் வயலினோடு வியன்னா மேடையில் தோன்றிவிட்டார். பத்திரிகைகளுக்கு வேறு எதையும் கவனிக்க நேரமில்லை. அவ்வருஷம் நவம்பரில் ஷூபர்ட் இறந்தார். அவருடைய பெரிய ஸி மேஜர் சிம்பொனி வியன்னா சங்கீத நண்பர்கள் சங்கத்திடம் முன்பே போய், வாசிக்கக் கடினமானது என்று ஒதுக்கப்பட்டிருந்தது. 1839 தொடக்கத்தில் அண்ணன் ஃபெர்டினாண்டின் வீட்டில் காகிதக் குவியலுக்கிடையே அதைக் கண்டெடுத்தவர் ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஷூமன். அதை முதலில் கேட்டது வியன்னா அல்ல, லைப்ஸிக், நடத்தியவர் மெண்டெல்ஸோன். அவ்வருஷக் கடைசியில் வியன்னாவில் முதல் இரண்டு பாகங்களை மட்டும் வாசித்தார்கள். அவற்றுக்கு நடுவிலும் ஒரு இத்தாலிய ஆபெராப் பாட்டைச் செருகினார்கள். 1822இல் எழுதத் தொடங்கப்பட்டு ‘முற்றுப்பெறாதது’ என்று இன்று உலகம் அறிந்திருக்கும் சிம்பொனியோ ஒரு நண்பரின் வீட்டில் கிடந்து 1865இல்தான் வெளியே வந்தது.

இதற்குள் நகரம் மாறத் தொடங்கியிருந்தது. 1857இல் ஃப்ரான்ஸ் ஜோசப் கோட்டைச் சுவர்களை இடிக்க உத்தரவிட்டார். கிடைத்த நிலத்தில் அகன்ற வட்டச் சாலையும் அதன் ஓரமாகப் பெரிய பெரிய கட்டடங்களும் எழுந்தன. 1812இல் தோன்றிய சங்கீத நண்பர்கள் சங்கம் அங்கே தனக்கென்று கட்டிக்கொண்ட முஸிக்ஃபெரைன் 1870 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதன் பொன்னிறக் கூடத்தைத்தான் நாம் இசைத்தட்டு உறைகளிலும் தொலைக்காட்சியிலும் பார்க்கிறோம். தொடர்ந்து சிலைகள் வந்தன: ஷூபர்ட்டுக்கு 1872, பீத்தோவனுக்கு 1880, மோஸார்ட்டுக்கு 1896. 1874இல் திறந்த மத்திய மயானம் ஊருக்கு வெகுதூரத்தில் இருந்ததால் ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. நகராட்சி கௌரவக் கல்லறைகள் என்று ஒரு பகுதியை ஒதுக்கிப் புகழ்பெற்றவர்களை அங்கே குடியேற்றியது. 1888இல் பீத்தோவனும் ஷூபர்ட்டும் பழைய மயானத்திலிருந்து தோண்டியெடுக்கப்பட்டு அங்கே மறுபடி புதைக்கப்பட்டார்கள். மோஸார்ட்டின் உடல் எங்கே என்று தெரியாததால் அவருடைய நினைவுச்சின்னத்தை மட்டும் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். வசிப்பவர்கள் வரத் தயங்கிய ஒரு மயானத்துக்கு சங்கீதம் ஆள் சேர்த்துக் கொடுத்தது. பாரம்பரியத்தின் உபயோகங்களில் இது ஒன்று.

இதைக் கேலியாக மட்டும் சொல்லி முடித்துவிடுவது சுலபம். ஆனால் அந்தப் பொன்னிறக் கூடம் வெறும் அலங்காரம் அல்ல. நாதம் அங்கே கூடிவருவதுபோல் உலகில் வெகு சில இடங்களில்தான் கூடிவரும் என்பது வாசிப்பவர்களின் ஒருமித்த அபிப்ராயம். 1877 டிசம்பர் 30ஆம் தேதி பிராம்ஸின் இரண்டாம் சிம்பொனி முதன்முறையாக அங்கேதான் ஒலித்தது, வரவேற்பு அமோகம். அதற்கு இரண்டு வாரம் முன்னால், அதே கூடத்தில் ப்ரூக்னர் தம் மூன்றாம் சிம்பொனியைத் தாமே நடத்தினார். பாகத்துக்குப் பாகம் சபை கலைந்துகொண்டே போயிற்று. கடைசிவரை இருந்த சொற்பப் பேரில் மாணவராயிருந்த மாலரும் ஒருவர். ஸ்தாபனம் இடம் தரும். கேட்பதற்கு ஸ்தாபனத்தால் உத்தரவாதம் தர முடியாது.

1913 மார்ச் 31ஆம் தேதி அதே கூடத்தில் ஷோன்பெர்க் ஒரு கச்சேரி நடத்தினார். வெபர்னின் ஆறு வாத்தியக் குழுப் படைப்புகள், ஸெம்லின்ஸ்கியின் பாடல்கள், ஷோன்பெர்க்கின் முதல் சேம்பர் சிம்பொனி, பீட்டர் ஆல்டன்பெர்கின் தபால் அட்டை வாசகங்களுக்கு பெர்க் இசையமைத்த பாடல்களில் இரண்டு, முடிவில் மாலர். சிரிப்பு, விசில், கூச்சல் என்று வளர்ந்து பெர்க்கின் பாடல்களின்போது கைகலப்பாயிற்று. போலீஸ் வந்தது; மாலரை வாசிக்காமலேயே கூட்டம் கலைந்தது. ஓர் அறை விழுந்த விஷயம் நீதிமன்றம் வரை போயிற்று. அன்று மாலையில் கேட்ட சத்தங்களிலேயே இனிமையானது அந்த அறைதான் என்று சாட்சியாக வந்த ஓர் ஆபரெட்டா இசையமைப்பாளர் சொன்னதாக ஒரு கதை உண்டு. நகரம் அதை வெகுவாக ரசித்தது. பெர்க்கின் பாடல்களைப் பற்றி யோசித்துப் பார்த்தால் ரசிக்கத் தோன்றாது. அந்த ஐந்து பாடல்களும் முழுமையாக ஒலிப்பதை அவர் சாகும்வரை கேட்கவில்லை. 1935இல் இறந்தார், அவை முழுதாக அரங்கேறியது 1950களில்.

யுத்தம் முடிந்து, பேரரசு சிதறி, வியன்னா பசியிலும் குளிரிலும் கிடந்த 1918 நவம்பரில் ஷோன்பெர்க் ஒரு சங்கம் தொடங்கினார். தனிப்பட்ட இசை நிகழ்ச்சிகளுக்கான சங்கம் என்று பெயர். அதன் நோக்கங்களை விளக்கி எழுதியவர் பெர்க். விதிகள் விசித்திரமானவை. என்ன வாசிக்கப்போகிறார்கள் என்பது முன்கூட்டிச் சொல்லப்படமாட்டாது. கைதட்டக் கூடாது, அதிருப்தியையும் காட்டக் கூடாது. பத்திரிகை விமர்சகர்களுக்கு அனுமதி இல்லை. போதுமான ஒத்திகை இல்லாமல் எதுவும் மேடை ஏறக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே படைப்பு திரும்பத் திரும்ப வாசிக்கப்பட வேண்டும். பெரிய வாத்தியக் குழுவுக்குப் பணமில்லை. ஆகவே சிம்பொனிகளைப் பியானோவுக்கோ, நாலைந்து வாத்தியங்களுக்கோ சுருக்கி எழுதிக்கொண்டார்கள். மூன்று வருஷத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். டெபுஸி, ரவேல், பார்டோக், ஸ்ட்ராவின்ஸ்கி, ரேகர், மாலர் என்று பட்டியல் நீளும். ஆஸ்திரியா அப்போதுதான் போரிட்டு ஓய்ந்திருந்த எதிரி நாட்டுக்காரர்கள் அதில் இருந்தார்கள். முதல் ஒன்றரை வருஷம் தம்முடைய படைப்பு ஒன்றைக்கூட வாசிக்க ஷோன்பெர்க் அனுமதிக்கவில்லை. இலக்கியக் குழுக்களின் சரித்திரம் அறிந்தவர்கள் இந்தக் கடைசி விவரத்தில் கொஞ்சம் நின்று போகலாம்.

1921இல் சங்கம் பணமுடையில் தத்தளித்தது. மே மாதம் 27ஆம் தேதி நிதி திரட்ட ஒரு மாலை ஏற்பாடாயிற்று. வாசிக்கப்பட்டது யோஹான் ஸ்ட்ராஸின் வால்ட்ஸ்கள். ஷோன்பெர்க் இரண்டும் பெர்க் ஒன்றும் வெபர்ன் ஒன்றுமாக, நான்கு வயலின் குடும்ப வாத்தியங்களுக்கும் பியானோவுக்கும் ஹார்மோனியத்துக்கும் அவற்றை மாற்றி எழுதியிருந்தார்கள். அவர்களே உட்கார்ந்து வாசித்தார்கள்: ஷோன்பெர்க் வயலின், வெபர்ன் செல்லோ, பெர்க் ஹார்மோனியம். முடிவில் அந்தக் கைப்பிரதிகளை ஏலம் போட்டார்கள். சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூன் 26ஆம் தேதி, நகரப் பூங்காவில் ஸ்ட்ராஸுக்குச் சிலை திறக்கப்பட்டது. பளிங்கு வளைவின் முன் வயலினும் கையுமாக நிற்கும் பொன்முலாம் பூசிய உருவம். இன்று வியன்னாவில் அதிகம் படம் எடுக்கப்படும் சிலைகளில் ஒன்று அது.

ஒரே நகரம், ஒரே வருஷம், ஒரே இசையமைப்பாளர், இரண்டு மரியாதைகள். ஒன்றில் அவர் நின்றுவிட்டார். மற்றதில் மூன்று பேர் அவருடைய ஒவ்வொரு ஸ்வரத்தையும் எடுத்துப் பார்த்து, எது எந்த வாத்தியத்துக்குப் போகலாம், எது இல்லாமல் முடியாது என்று தீர்மானித்தார்கள். மரபை உடைப்பவர்கள் என்று எட்டு வருஷம் முன்பு அடி வாங்கியவர்கள் இவர்களே. ஸ்ட்ராஸை அவர்கள் கிண்டல் செய்யவில்லை. அந்தப் பிரதிகளைக் கேட்கிறவர்களுக்கு அது தெளிவாகவே தெரியும். அலங்காரம் கழன்று போனதும் அந்த வால்ட்ஸின் எலும்புக்கட்டு எவ்வளவு உறுதி என்பது புலனாகிறது. மரபைப் பெற்றுக்கொள்வது என்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அது வேலை, வணக்கம் அல்ல. சங்கத்தை அந்த ஏலம் காப்பாற்றவில்லை. பணவீக்கத்தில் அவ்வருஷ முடிவோடு அதன் வியன்னா நிகழ்ச்சிகள் நின்றுபோயின.

கைதட்டலைத் தடைசெய்த இந்தச் சங்கத்தை மேட்டுக்குடி மனோபாவம் என்று ஒரு வார்த்தையில் தள்ளுபடி செய்பவர்கள் உண்டு. அவர்களுக்காக இன்னொரு விவரம். ஷோன்பெர்க்கின் இளம் வயதுத் தோழர் டேவிட் யோஸஃப் பாஹ் 1905இல் வியன்னாவில் தொழிலாளர் சிம்பொனிக் கச்சேரிகளைத் தொடங்கினார். 1922லிருந்து அவற்றில் நடத்துநராகப் பணிபுரிந்தவர் வெபர்ன். மூன்று நிமிஷத்துக்கு மேல் போகாத, கிசுகிசுப்பதுபோன்ற படைப்புகளை எழுதியவர் என்று நாம் அறிந்த அதே வெபர்ன். தொழிலாளர்களின் பாடகர் குழுவை வைத்துக்கொண்டு மாலரின் மூன்றாம் சிம்பொனியையும், 1926இல் எட்டாம் சிம்பொனியையும் நடத்தினார். பிரம்மாண்டமான படைப்புகள், பகலெல்லாம் வேலை செய்துவிட்டு வந்து மாதக்கணக்காக ஒத்திகை பார்த்தவர்கள் பாடினார்கள். ஆக, சங்கத்தின் கதவு மூடியிருந்தது விளம்பரத்துக்கும் அவசரத் தீர்ப்புக்கும்தான். கேட்க வந்தவனுக்கு அல்ல. 1934இல் சமூக ஜனநாயகக் கட்சி தடைசெய்யப்பட்டபோது அந்தக் கச்சேரிகளும் முடிவுக்கு வந்தன.

பிறகு 1938. மார்ச்சில் ஆஸ்திரியா ஹிட்லரின் ஜெர்மனியோடு இணைக்கப்பட்டது. ஆபெரா வாத்தியக் குழுவிலும் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கிலும் 57 வருஷம் முதல் வயலின் ஸ்தானத்தில் இருந்த அர்னால்ட் ரோஸே வெளியேற்றப்பட்டார். மாலரின் தங்கையை மணந்தவர். ஷோன்பெர்க்கின் முதல் இரண்டு நால்வர் இசைப் படைப்புகளைக் கூச்சலுக்கு நடுவே அரங்கேற்றியது அவருடைய குழுதான். ஸ்தாபனத்துக்கும் புதுமைக்கும் ஒரு பாலமாக வியன்னாவில் யாராவது இருந்தார்கள் என்றால் அது அவர். 1946இல் லண்டனில் இறந்தார். அவர் மகள் ஆல்மா, வால்ட்ஸ் வாசிக்கும் பெண்கள் குழு ஒன்றை 1932இல் வியன்னாவில் அமைத்தவர். ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவ் முகாமில் பெண் கைதிகளின் வாத்தியக் குழுவை நடத்தும்படி ஆயிற்று. 1944 ஏப்ரலில் அங்கேயே இறந்தார். மாலரின் பெயர் தாங்கிய தெருவுக்கு வேறு பெயர் வைத்தார்கள். 1946இல்தான் பெயர் திரும்பி வந்தது.

ஸ்ட்ராஸும் தப்பவில்லை. அவருடைய கொள்ளுத்தாத்தா ஞானஸ்நானம் பெற்ற யூதர் என்று ஸ்டீஃபன் தேவாலயத்தின் 1762ஆம் வருஷக் கல்யாணப் பதிவேடு சொன்னது. வால்ட்ஸ் மன்னரை இழக்க ஆட்சியாளர்களுக்கு மனமில்லை. பதிவேட்டைக் கைப்பற்றி, அந்தக் குறிப்பு இல்லாத போலிப் பிரதி ஒன்றை 1941இல் தயாரித்து அதன் இடத்தில் வைத்தார்கள். 1921இல் ஏலம்போன கைப்பிரதிகளையும் இந்தப் போலிப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டுமே ஸ்ட்ராஸைத் ‘தக்கவைத்துக்கொள்ளும்’ முயற்சிகள்.

இந்தச் சூழ்நிலையில்தான், 1939 டிசம்பர் 31ஆம் தேதி, முஸிக்ஃபெரைனில் க்ளெமென்ஸ் க்ராஸ் நடத்த ஃபில்ஹார்மோனிக் முழுக்க முழுக்க ஸ்ட்ராஸ் கச்சேரி ஒன்றை அளித்தது. வசூல் நாஜிகளின் போர்க்கால குளிர்கால நிவாரண நிதிக்கு. அடுத்தது 1941 ஜனவரி 1ஆம் தேதி. 1959லிருந்து தொலைக்காட்சி வழியாக உலகெங்கும் போகும் புத்தாண்டுக் கச்சேரியின் ஆரம்பம் இதுவே. முடிவில் ராடெட்ஸ்கி அணிவகுப்பு இசைக்குச் சபையே தாளம் தவறாமல் கைதட்டும். 1848இல் இத்தாலியக் கிளர்ச்சியை அடக்கிய தளபதியின் புகழ் பாட ஸ்ட்ராஸின் தகப்பனார் எழுதியது அது. கைதட்டுகிறவர்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது சரித்திரம் கழுவித் துடைக்கப்பட்ட சங்கீதம். யுத்த காலத்தில் குழுவினரில் ஏறக்குறைய பாதிப் பேர் நாஜிக் கட்சி உறுப்பினர்களாக இருந்ததையும், குழுவைச் சேர்ந்த ஏழு பேர் துன்புறுத்தலின் விளைவாக மடிந்ததையும் சரித்திராசிரியர்களைக் கொண்டு ஃபில்ஹார்மோனிக் விரிவாக வெளியிட்டது 2013இல்.

சிறு வட்டத்துக்கு ஒளிவட்டம் போடவும் இந்தச் சரித்திரம் இடம் தரவில்லை. தம்முடைய இசை சீர்கெட்டதென்று ஒதுக்கப்பட்டிருந்த காலத்திலேயே வெபர்ன் 1940இல் ஹிட்லரை வியந்து கடிதங்கள் எழுதினார். அவருடைய குருநாதர் நாடு துறந்திருந்தார். நண்பர்கள் சிதறிப் போயிருந்தார்கள். ஸ்வரத்துக்கும் மௌனத்துக்கும் இடையிலுள்ள நூலிழையை அவ்வளவு துல்லியமாகக் கேட்ட காது, தெருவில் ஒலித்ததைக் கேட்கவில்லை. 1945 செப்டம்பரில், இரவு சுருட்டுப் பிடிக்க வெளியே வந்தபோது ஓர் அமெரிக்க சிப்பாயின் குண்டுக்கு இரையானார். கலைத் தீவிரம் தானாகவே தார்மீகப் பார்வையைத் தந்துவிடும் என்று நம்புகிறவர்கள் வெபர்னை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நகரம் வழக்கம்போல் பின்னால் வந்தது. 1949இல், 75 வயது நிறைந்தபோது, ஷோன்பெர்க்குக்கு வியன்னா கௌரவப் பிரஜை அந்தஸ்து அளித்தது. அவர் லாஸ் ஏஞ்சலஸில் நோயாளியாக இருந்தார், திரும்பவேயில்லை. 1951இல் இறந்தார். 1974இல் அவர் சாம்பல் மத்திய மயானத்துக்குக் கொண்டுவரப்பட்டது. சாய்ந்து நிற்கும் ஒரு கனசதுரக் கல் அவருடைய சின்னம். ஸெம்லின்ஸ்கியின் சாம்பல் நியூயார்க்கிலிருந்து 1985இல் வந்தது. ஷோன்பெர்க்கின் காகிதங்கள் கடல் தாண்டி வந்துசேர, 1998இல் அவர் பெயரில் ஒரு மையம் திறக்கப்பட்டது. 2025இல் ஸ்ட்ராஸின் இருநூறாம் ஆண்டை நகரம் கோலாகலமாகக் கொண்டாடியது. அவ்வருஷப் புத்தாண்டுக் கச்சேரியில்தான் ஒரு பெண்ணின் படைப்பு, ஸ்ட்ராஸின் சமகாலத்தவரான கான்ஸ்டன்ஸ் கைகரின் வால்ட்ஸ் ஒன்று, முதன்முறையாக இடம்பெற்றது.

இவையெல்லாம் நல்ல காரியங்கள்தான். சிலை வேண்டாம் என்றோ மையம் வேண்டாம் என்றோ யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் இவை நடப்பதற்கு ஏதோ ஒன்று மிச்சமிருக்க வேண்டும். ஷூபர்ட்டின் சிம்பொனி மிச்சமிருந்தது, காகிதத்தைத் தூக்கியெறியாத ஓர் அண்ணனாலும் அதைப் புரட்டிப் பார்க்கத் தெரிந்த ஒரு வெளியூர்க்காரனாலும். மாலர் மிச்சமிருந்தது, பத்துப் பன்னிரண்டு வாத்தியங்களுக்குச் சுருக்கி எழுதியவர்களாலும், ஆலை முடிந்து ஒத்திகைக்கு வந்தவர்களாலும். ஷோன்பெர்க் சங்கத்தின் விதிகளில் கைதட்டல் தடையைத்தான் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அதைவிட முக்கியமானது, ஒரு படைப்பை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வாசிக்க வேண்டும் என்ற விதி. 1913இல் பெர்க்கின் பாடல்களுக்குக் கிடைக்காமல் போனது அதுதான். முதல் முறை யாருக்கும் கிடைத்துவிடும். சிரிக்கவாவது கூட்டம் வரும். இரண்டாம் முறையை யாராவது பொறுப்பெடுத்து ஏற்பாடு செய்தாக வேண்டும். அதற்கு நிறையப் பேர் தேவையில்லை. வாசிக்க நாலு பேர், ஒரு ஹார்மோனியம், பாடு எடுத்துப் பிரதி எழுத ஒருவர் இருந்தால் போதும்.